வாரம் 8,000 பவுண்டு: ஒரு தவறான அட்டவணையின் கதை

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு இன்ஷூரன்ஸ் ப்ராஜெக்டில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு ஃபோல்டரில் இரண்டு இறப்பு அட்டவணைகள் இருந்தன. இறப்பு அட்டவணை என்றால், ஒவ்வொரு வயதிலும் இத்தனை பேரில் இத்தனை பேர் அந்த ஆண்டுக்குள் இறப்பார்கள் என்று சொல்லும் பட்டியல். ஒன்று 2012-14க்கான இந்திய ஆயுள் பாலிசிதாரர்களுடையது. மற்றது 2012-15க்கான ஆன்யூட்டிதாரர்களுடையது, அதாவது மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு ஆயுள் முழுக்க ஓய்வூதியம் வாங்குகிறவர்களுடையது. ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே காலம். யாரோ டூப்ளிகேட் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, ஒன்றைத் தூக்கிடலாமா என்று கேட்டேன். டீமில் இருந்த ஆக்சுவரி மேடம் சிரித்துவிட்டார். "ரெண்டுக்கும் ஒரே டேபிள் போதும்னு நினைச்சுத்தான் இங்கிலாந்து கஜானாவுல ஓட்டை விழுந்துச்சு, போய்ப் படிங்க" என்றார்.

படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

கதை ரிச்சர்ட் ப்ரைஸிடம் தொடங்குகிறது. லண்டன் பக்கத்தில் நியூவிங்டன் கிரீனில் மதபோதகர். இங்கிலாந்து திருச்சபையைச் சேராதவர். கணக்கில் கெட்டிக்காரர். தாமஸ் பேய்ஸ் இறந்தபின் அவருடைய நிகழ்தகவுக் கட்டுரையை ராயல் சொசைட்டிக்கு அனுப்பி வெளிவரச் செய்தவர் இவர்தான். (மெஷின் லேர்னிங் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் ஒரு கும்பிடு போடலாம்.) நார்த்தாம்ப்டன் நகரின் ஒரு பங்கில் 1735 முதல் 1780 வரை பதிவான ஞானஸ்நானம், அடக்கக் கணக்குகளை வைத்து ப்ரைஸ் ஒரு அட்டவணை தயாரித்தார். 1783இல் அச்சானது. 'ஆக்சுவரி' என்ற பதவிப் பெயரை முதலில் புழக்கத்தில் விட்ட ஈக்விடபிள் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது.

டேட்டாவில்தான் கோளாறு. அந்த ஊரில் பாப்டிஸ்டுகள் நிறைய. அவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஆகவே பிறந்தவர்களில் பலர் பதிவேட்டில் ஏறவே இல்லை, இறந்தவர்களோ ஏறினார்கள். பிறப்பைவிட இறப்பு அதிகம் போலத் தெரிந்தது. வெளியூரிலிருந்து வாலிபர்கள் வந்து குடியேறுகிறார்கள் போல என்று ப்ரைஸ் அதற்கு ஒரு விளக்கம் வைத்து, கணக்கைச் சரிக்கட்டினார். கடைசியில் கிடைத்தது பிறக்கும்போது சராசரி ஆயுள் சுமார் 25 வருஷம். பிறகு 1815இல் ஜோஷுவா மில்ன் வெளியிட்ட கார்லைல் நகர அட்டவணையில் அதே எண் கிட்டத்தட்ட 39. இரண்டு ஊர்களுக்கும் வித்தியாசம் இருக்கும்தான், ஆனால் இவ்வளவா?

ஈக்விடபிளுக்கு இந்தத் தவறு லாபம். மக்கள் சீக்கிரம் இறப்பார்கள் என்று அட்டவணை சொன்னால் பிரீமியம் கூடும். ஆட்கள் சாகாமல் இருந்தால் கட்டிய பணம் நிறுவனத்திலேயே தேங்கும். அப்படித்தான் தேங்கியது. கோளாறைத் தேடிப் பார்க்க அங்கே யாருக்கு அவசரம்?

ஆன்யூட்டியில் நிலைமை தலைகீழ். பத்து வருஷம்தான் இருப்பார் என்று நினைத்து ஆண்டுக்கு இவ்வளவு தருகிறேன் என்று ஒப்புக்கொண்டபின், அவர் பதினைந்து வருஷம் இருந்துவிட்டால் விற்றவர் பாடு திண்டாட்டம். 1808இல் நிதியமைச்சர் ஸ்பென்சர் பெர்சிவல் காலத்தில் பிரிட்டிஷ் அரசு இதைத்தான் செய்தது. நெப்போலியன் போரால் கடன் மலைபோல் ஏறியிருந்தது. கடன் பத்திரத்தைத் திருப்பிக் கொடுங்கள், ஆயுள் வரை பணம் தருகிறோம், உங்களோடு அந்தக் கடனும் முடிந்துபோகும் என்பது திட்டம். யோசனை நல்லதுதான். விலை போட எடுத்தது நார்த்தாம்ப்டன் அட்டவணை.

இங்கேதான் ஜான் ஃபின்லைசன் வருகிறார். ஸ்காட்லாந்தின் வடகோடி, தர்சோ ஊர்க்காரர். கடற்படை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, அங்கே குவிந்த கடிதங்களுக்கு இண்டெக்ஸ் முறை போட்டவர். நம்ம ஆள் என்று எனக்குத் தோன்றியது இந்த இடத்தில்தான். அவர் ஊர்க் கணக்குகளை நம்பவில்லை. அரசிடமே கிடந்த பழைய டான்டைன் திட்டங்களின் ஏடுகளைப் பிரித்தார். அதில் பணம் வாங்கிய ஒவ்வொருவரும் எந்த வயதில் சேர்ந்தார், எப்போது இறந்தார் என்பதெல்லாம் இருந்தது. ஆன்யூட்டி வாங்குகிறவர் எவ்வளவு காலம் இருப்பார் என்று தெரிய, ஆன்யூட்டி வாங்கினவர்களைத்தானே பார்க்க வேண்டும்? நோயாளி எவனும் ஆன்யூட்டி வாங்கமாட்டான். ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்ததில் பெண்கள் கூடுதல் காலம் வாழ்வதும் தெரிந்தது.

1819இல் நிதியமைச்சர் வான்சிட்டார்ட்டிடம் நஷ்டம் என்று சொன்னார். 1820களின் தொடக்கத்தில் அவரையே தேசியக் கடன் அலுவலகத்தில் ஆக்சுவரியாகப் போட்டார்கள். ஆனால் விற்பனை மட்டும் நிற்கவில்லை! ஆண்டுக் கணக்கு எழுதிய விதத்தில் நஷ்டம் வெளியே தெரியவே இல்லை; பத்திரம் ரத்தானதால் கடன் குறைந்தது மட்டும்தான் கண்ணில் பட்டது. வாரத்துக்கு 8,000 பவுண்டு போகிறது என்று அவர் எண்ணைப் போட்டுக் காட்டிய பிறகுதான் நாடாளுமன்றம் அசைந்தது. 1828இல் விற்பனையை நிறுத்தினார்கள். முதல் எச்சரிக்கைக்கும் இதற்கும் நடுவே ஒன்பது வருஷம்.

அந்தப் பணம் யாருடையது என்பதுதான் என்னை உறுத்துகிறது. 1816இல் வருமான வரியை ஒழித்துவிட்டார்கள். அதன்பின் கஜானா பெரும்பாலும் சோப்பு, மெழுகுவர்த்தி, தேயிலை, மால்ட் மாதிரியான பொருள்கள் மீதான வரியில் ஓடியது. ஆன்யூட்டி வாங்கியவர்களோ கடன் பத்திரம் வைத்திருக்கும் அளவுக்கு வசதி படைத்தவர்கள். துணி துவைக்க சோப்பு வாங்கிய பெண்மணி, யாரோ ஒரு சீமானின் நீண்ட ஆயுளுக்குப் படியளந்திருக்கிறாள். இதற்கு எந்தச் சட்டமன்றத்திலும் ஓட்டெடுப்பு நடக்கவில்லை. அட்டவணையின் ஒரு பத்திக்குள் ஒளிந்திருந்தது.

1829இல் ஃபின்லைசனின் அறிக்கை அச்சாகி, புதிய விலையில் விற்பனை மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை வேறு இடத்தில் அடி. 90 வயதுக்காரர்கள் பற்றிய தகவல் கொஞ்சம்தானே இருக்கும்? அந்த வயதுக்குத் தாராளமாக விலை போட்டுவிட்டார்கள். கட்டிய பணத்தில் பாதிக்கு மேல் ஒரே வருஷத்தில் திரும்பி வந்துவிடும். விஷயம் தெரிந்த வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? ஊர் ஊராகப் போய்த் திடகாத்திரமான கிழவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் உயிரின் மேல் ஆன்யூட்டி வாங்கினார்கள். அந்தத் தாத்தாக்களைப் பெற்ற பிள்ளைகள்கூட அப்படிக் கவனித்திருக்க மாட்டார்கள்.