தெல்தெனிய: மரமும் சட்டமும்

மரத்தைக் காக்கும் சட்டம் எவருடைய நலனைக் காத்தது? கண்டிக்குக் கிழக்கேயுள்ள தெல்தெனியப் பகுதியை முன்வைத்து இவ்வினாவை எழுப்புகின்றோம்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. வழிவழியாகச் சேனை செய்த கண்டிய விவசாயியிடம் உறுதிப் பத்திரம் இருக்கவில்லை. கோப்பித் தோட்டக்காரனோ தொடக்கத்தில் ஏக்கர் 5 சிலிங்குக்குக் காணி பெற்றான். மலைக்காடுகள் பெரிதும் அழிந்த பின்னரே, 1873இல் தாவரவியலாளர் ஹூக்கர் விடுத்த எச்சரிக்கையை அடுத்து, 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளின் விற்பனை தடுக்கப்பட்டது. 1885இல் வனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. மூலதனம் தறித்தவிடத்து அது அபிவிருத்தி. விவசாயி தறித்தவிடத்து அது குற்றம்.

சுதந்திரத்தின் பின்னர், 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா முதலிய மரங்களுக்குப் பாதுகாப்பளித்தது. எளியோரின் உணவைக் காத்த வகையில் அது வரவேற்கத்தக்கதே. ஆயினும், வீட்டுப் பலாவைத் தறிக்கவும் அனுமதி வேண்டிய அதே நாட்டில், 1985இல் நிறைவுற்ற விக்டோரியா நீர்த்தேக்கம் பழைய தெல்தெனிய நகரையே மூழ்கடித்தது. 1987இல் நீர்த்தேக்கச் சூழல் சரணாலயமாயிற்று.

மரங்கள் காக்கப்படல் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றின் நிழலில் வாழ்வோருக்கு அச்சட்டத்தை ஆக்குவதில் பங்கில்லையெனில், அது காப்பது மரத்தையன்று, உடைமையையே.