மயிலாடி: கல்தொழிலும் ஊர் வணிகமும்

மயிலாடி, கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் வட்டத்திலுள்ள பேரூராட்சி. நாகர்கோவிலுக்குக் கிழக்கே, கன்னியாகுமரிக்கு வடமேற்கே, இரண்டிலிருந்தும் ஏறக்குறைய 10 கி.மீ. தொலைவில் உள்ளது. கடல் பக்கம்தான், ஆனாலும் ஊரின் பெயரைச் சொல்லவைப்பது மீனோ சுற்றுலாவோ அல்ல, கருங்கல் சிற்பம். சுற்றிலும் நெல்லும் வாழையும் தென்னையும் விளையும் நாஞ்சில் நாட்டு மண்.

சற்று மேற்கே சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் இருக்கிறது. அந்தக் கோயிலின் திருப்பணிக்கு வந்த கல்தச்சர்களின் வழியில் இத்தொழில் ஊன்றியது என்பது ஊரார் வழங்கும் வரலாறு. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூரோடும் பின்பு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் மலையாளக் கரைக் கோயில்களின் தேவையும் இங்குள்ளவர்களுக்குப் பழக்கம். நாகர் சிலை, கல்விளக்கு, பலிபீடம் என்று கேரளத்தார் கேட்பதையும், தமிழ்நாட்டுக் கோயில்களின் மூலவர், நந்தி, தூண் வேலைகளையும் ஒரே பட்டறையில் செய்வார்கள். ஒரு காலத்தில் அம்மி, ஆட்டுக்கல், உரல் ஆகியவை கல்வேலைக்காரர்களுக்கு அன்றாட வருமானம் தந்தன. மிக்சியும் கிரைண்டரும் வந்தபின் அந்த வருமானம் சுருங்க, பிழைப்பு பெரும்பாலும் கோயில் வேலையை நம்பியதாயிற்று.

இங்கே வணிகத்தின் போக்கைக் கும்பாபிஷேகம் தீர்மானிக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற மரபு திருப்பணிகளை வரவழைக்கும். பிரதிஷ்டை நாள் குறித்துவிட்டால் சிற்பிக்குக் கெடு தவற வழியில்லை. ஆடியிலும் மார்கழியிலும் பிரதிஷ்டை குறைவு. சிலைக்கு அட்வான்ஸ் வாங்கியே கல் எடுப்பார்கள். அடிக்கணக்கு, கல்லின் தரம், வேலையின் நுணுக்கம் மூன்றையும் பார்த்தே விலை பேசுவார்கள். கடையில் அடுக்கி விற்கும் சின்னப் பிள்ளையார் கைச்செலவுக்கு உதவும். பட்டறையை நடத்துவது ஆர்டர்.

கல் தேர்வு தனிக் கலை. தட்டினால் எழும் ஓசையைக் கொண்டு ஆண் கல், பெண் கல், அலிக்கல் என்று சிற்ப மரபு பிரிக்கும். ஆண் தெய்வத்துக்கு ஆண் கல், அம்மனுக்குப் பெண் கல், பீடத்துக்கு அலிக்கல். உள்ளே கீறல் இருக்கும் கல் முகம் செதுக்கும் கட்டத்தில் பிளந்தால், பல வார உழைப்பும் கல்லின் விலையும் போய்விடும். கண் திறப்பது கடைசி வேலை. உளியும் சுத்தியலும் மட்டுமே இருந்த இடத்தில் இன்று மின்சாரக் கட்டரும் பாலிஷ் இயந்திரமும் ஓடுகின்றன. வேலை விரைந்தது, தூசியும் பெருகிற்று. கருங்கல் தூசி நுரையீரலைக் கெடுத்து சிலிகோசிஸ் நோயைத் தரும். அதைக் குணமாக்க மருந்தில்லை. தண்ணீர் விட்டு அறுப்பதும் நல்ல முகக்கவசமும்தான் காப்பு. இந்த ஊரின் தொழில் நிலையைப் பற்றிப் பேசும்போது வருமானத்துக்கு முன் சொல்ல வேண்டியது இது.

ஒப்பிட வேண்டிய ஊர் மாமல்லபுரம். அங்கே யுனெஸ்கோ 1984இல் அங்கீகரித்த சின்னங்கள், அரசு சிற்பக் கல்லூரி, நாள்தோறும் வெளிநாட்டுப் பயணிகள். மயிலாடிக்கு இவை இல்லை. கன்னியாகுமரிக்கு வரும் கூட்டம் விவேகானந்தர் பாறையையும், 2000 ஜனவரி 1இல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலையையும் பார்த்து, சங்கும் சிப்பியும் வாங்கிக்கொண்டு திரும்புகிறது. உலகறிந்த கற்சிலையைப் பார்த்தவர்களுக்கு, பக்கத்திலேயே ஒரு சிற்பிகள் ஊர் இருப்பதைச் சொல்ல ஆளில்லாதது பெரிய குறை.

ஊரின் வரலாற்றில் இன்னொரு வாய்ப்பும் கைநழுவியிருக்கிறது. தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தத் திருச்சபை மிஷனரியான ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். இவ்வூர் மகாராசன் வேதமாணிக்கம் அவரை வரவழைத்தவர். 1809இல் ஆலயமும் பள்ளியும் எழுந்தன. பின்பு வந்த மிஷனரி சார்லஸ் மீட் காலத்தில் மிஷனின் தலைமையிடம் நாகர்கோவிலுக்கு மாறவே, அச்சகமும் லேஸ் பின்னல் தொழிலும் அங்கே வளர்ந்தன.

மயிலாடிக் கற்சிற்பங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். குறியீடு இருந்தால் மட்டும் ஆர்டர் வராது. ஒவ்வொரு பட்டறையும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனித்தனியே பதிந்தால்தான் அதைத் தன் சிலைக்குப் பயன்படுத்தலாம். பேரூராட்சியும் கைவினைத் துறையும் பட்டறைகளுக்கே வந்து பதிவு செய்து தரவேண்டும். வசூலை நம்பிச் சிலைக்குச் சொல்லும் திருப்பணிக் கமிட்டியார், பேசிய தொகையைப் பிரதிஷ்டைக்கு முன்பே சிற்பியிடம் கொடுத்து முடிக்க வேண்டும்.