சாப்பிட்ட சோறு எங்கே போகிறது? தசைக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்?

தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆய்வு சொல்கிறது. தேசிய சராசரி 11.4 சதவீதம். இதில் தசையின் பங்கு என்ன?

தசை என்ன செய்கிறது?
சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பங்கை, இன்சுலின் உதவியுடன் தசை இழுத்துக்கொள்ளும். அதை கிளைகோஜனாகச் சேமித்து, வேலை செய்யும்போது எரிக்கும்.

சிக்கல் எங்கே?
கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குபவருக்கு இந்தச் சேமிப்பு கரைந்துகொண்டே இருக்கும். அதே அளவு சோறு சாப்பிட்டு, நாள் முழுக்க லாரி ஓட்டுபவருக்கு அவ்வளவாகக் கரையாது. மிச்சம் கொழுப்பாக மாறும். அந்தக் கொழுப்பு தசைக்குள்ளும் படிந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சுகர் ஏறும்.

ஒல்லியா இருந்தா தப்பிச்சிடலாமா?
முடியாது. தசை குறைந்து, வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்ந்தாலும் ஆபத்துதான்.

என்ன செய்யலாம்?
இயங்கும் தசை, இன்சுலின் இல்லாமலேயே சர்க்கரையை இழுக்கும். அதனால் சாப்பிட்டதும் 15 நிமிடம் நடந்தாலே பலன் உண்டு. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு சுகர் திடீரென இறங்கலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.