அட்டையின் இரு பக்கங்கள்: ஜப்பானியப் படஅஞ்சலட்டைகள்

அரசாணைகளும் கல்வெட்டுகளும் மட்டுமே வரலாற்றுக்குச் சான்று என்று எண்ணிய காலம் கழிந்துவிட்டது. ஒன்றரை சென் அஞ்சல்தலை ஒட்டி ஒருவர் மற்றொருவர்க்கு அனுப்பிய அட்டைத் துண்டும் ஒரு நாட்டின் கதையைச் சொல்லும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானில் வெளிவந்த படஅஞ்சலட்டைகளை இன்று பல நாட்டினரும் தேடித் தொகுக்கின்றனர். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திற்கு லெனார்ட் லாடர் 2002இல் அளித்த தொகுப்பில் மட்டும் இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட அட்டைகள் உள்ளன. இவற்றின் அழகைப் பலர் பேசியுள்ளனர். இவற்றைப் படிக்கும் முறையையும், இவை சொல்லாமல் விட்டதையும் இங்குக் காண்போம்.

தோற்றமும் பெருக்கமும்

ஜப்பானிய அரசு 1873ஆம் ஆண்டிலேயே அஞ்சலட்டை வெளியிட்டது. எனினும் அது படமில்லாத அட்டை. தனியார் தாமே அட்டை அச்சிட்டு விற்கலாம் என்ற இசைவு 1900ஆம் ஆண்டு அக்டோபரில் கிடைத்தது. பழைய மரஅச்சுக் கலை அப்போது நலிந்துகொண்டிருந்தது. ஓவியர்க்கும் அச்சுக் கலைஞர்க்கும் புதிய அட்டை ஒரு வாயிலைத் திறந்தது. அசாய் சூ, சுகியூரா ஹிசூயி முதலிய ஓவியர்கள் உள்ளங்கையளவு இடத்திற்கென்றே படம் தீட்டினர்.

1904இல் ரஷ்யாவுடன் போர் மூண்டது. அஞ்சலை நடத்திய அமைச்சகம் போர் நினைவு அட்டைகளை வரிசையாக வெளியிட, அவற்றை வாங்க மக்கள் அஞ்சலகங்களின் முன் திரண்டனர். அவ்வாண்டே ‘அஞ்சலட்டை இலக்கியம்’ என்று பொருள்படும் ‘ஹககி புங்ககு’ என்னும் இதழும் தோன்றியது.

இலக்கியத்திற்கும் அட்டைக்கும் இருந்த உறவு நம் போன்றோர் கருதத்தக்கது. நாவலாசிரியர் நட்சுமே சோசெகி நீர்வண்ணத்தால் தாமே அட்டை தீட்டி நண்பர்க்கு அனுப்பியவர். அவருடைய ‘நான் ஒரு பூனை’ 1905ஆம் ஆண்டு முதல் ‘ஹோதோதோகிசு’ என்ற ஹைக்கூ இதழில் வெளிவந்தது. அதன் இரண்டாம் இயலின் தொடக்கத்திலேயே புத்தாண்டு வாழ்த்தாக ஒரு பட அட்டை வருகிறது. தீட்டப்பட்டிருப்பது தன் உருவமே என்று பூனைக்குத் தெரிகிறது. கற்றறிந்த எசமானர்க்கோ அது என்ன விலங்கென்றே விளங்கவில்லை. அடுத்து வரும் அட்டையின் ஓரத்தில் ஹைக்கூ ஒன்றும் இருக்கிறது. சீட்டுக்கவி மரபை அறிந்த நமக்கு இது அயலானதன்று. கவிதையும் ஓவியமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற தாகேஹிசா யுமேஜி 1914இல் தோக்கியோவில் ‘மினதோயா’ என்னும் கடையைத் திறந்து, தம் படங்களையும் அட்டைகளையும் விற்றார்.

காலம் அறியும் முறை

பழைய அட்டையைக் கையில் எடுப்பவர் முதலில் அதைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். அஞ்சல் முத்திரை தெளிவாக இருந்தால் ஆண்டு எளிதில் கிட்டும். மெய்ஜி ஆண்டுடன் 1867ஐயும், தைஷோ ஆண்டுடன் 1911ஐயும், ஷோவா ஆண்டுடன் 1925ஐயும் கூட்ட வேண்டும். மெய்ஜி 38 என்பது 1905 ஆகும்.

முத்திரை இல்லாத அட்டையும் தன் வயதை முற்றும் மறைப்பதில்லை. 1907க்கு முன் முகவரிப் பக்கத்தில் செய்தி எழுத இசைவில்லை. ஆகவே அனுப்பியவர் மலையின் மீதும் வானத்தின் மீதும், படத்தின் வெற்றிடமெங்கும் எழுதினார். 1907இல் முகவரிப் பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கும், 1918இல் பாதியும் செய்திக்கு ஒதுக்கப்பட்டன. பிரிகோடு எங்கே விழுகிறது என்று பார்த்தாலே அட்டையின் காலம் புலப்படும். முகப்பில் வலமிருந்து இடமாக அச்சிடப்பட்ட ‘யூபின் ஹககி’ என்னும் பெயரும் துணைசெய்யும். ‘ஹககி’யின் நடு எழுத்துக்கு உரிய ஒலிப்பைக் காட்டும் இரு சிறு கோடுகள் 1933 வரை இடப்படவில்லை, அதன்பின் இடப்பட்டன.

சொல்லாமல் விட்டவை

1923 செப்டம்பர் 1ஆம் நாள், நண்பகலுக்குச் சற்று முன் கான்தோ பெருநிலநடுக்கம் நிகழ்ந்தது. நடுக்கத்திலும் தீயிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அசகுசாவில் 1890இல் எழுந்த பன்னிரண்டு அடுக்குக் கோபுரம் அதுவரை நகரின் பெருமையாக அட்டைகளில் நின்றது. மேலடுக்குகள் சரிந்த அதன் எச்சமும் இப்போது அட்டையாயிற்று. இடிபாடுகளின் படங்கள் பரவலாக விற்றன. பிணங்களைக் காட்டும் படங்களுக்குக் காவல்துறை தடை விதித்தது. அவையும் மறைவில் கைமாறின.

அதே நாள்களில் கொரியர் தீ வைத்தனர், கிணற்றில் நஞ்சிட்டனர் என்ற பொய் வதந்தி பரவியது. ஊர்க்காவல் குழுவினரும் படையினரும் காவலரும் கொரியரைப் பெருந்தொகையாகக் கொன்றனர். கடைகளில் விற்ற நினைவு அட்டைகள் சரிந்த கட்டடத்தையும் கருகிய தெருவையும் காட்டின, அக்கொலைகளைக் காட்டவில்லை. 1895 முதல் ஜப்பானின் ஆட்சிக்குட்பட்ட தைவானையும், 1910இல் இணைக்கப்பட்ட கொரியாவையும் காட்டும் அட்டைகளும் இத்தகையனவே. புதிய கட்டடமும் உள்ளூர் உடையணிந்த மக்களும் அவற்றில் உண்டு. ஆளப்பட்டோரின் சொல் அவற்றில் இல்லை.

எனவே படத்தை மட்டும் நம்புபவர்க்கு அட்டை பாதி வரலாறே தரும். அச்சிட்டவர் எதைக் காட்ட விரும்பினார் என்பது முன்புறத்தில் உள்ளது. அதை யார், எந்நாளில், எவர்க்கு, என்ன சொல்லி அனுப்பினார் என்பதைப் பின்புறம் சொல்கிறது. எழுதப்படாத தூய அட்டையையே விரும்பித் தேடுவோர் உளர். மைக்கறை படிந்து, முனை மடங்கிய அட்டைக்கோ ஊரும் நாளும் மனிதரும் உண்டு. தொகுப்பவர் அதை ஒதுக்கலாகாது. ஏட்டில் ஒட்டிப் பின்புறத்தை மறைத்துவிடாமல், இரு பக்கமும் படிக்கும்படி வைத்துக் காப்பதே அவர் வரலாற்றுக்குச் செய்யும் தொண்டு.