வட்டார விமான நிறுவனங்களில் நிர்வாக மாற்றமும் விமானிகளும் (மலேசியா)

வட்டார விமான நிறுவனம் ஒன்றில் தலைமையோ உரிமையோ கைமாறினால், அதன் பாதிப்பு விமானிகளின் பணிப்பட்டியலில்தான் நெடுநாள் தங்கும். சுபாங் விமான நிலையத்திலிருந்து பறக்கும் ஃபயர்ஃபிளை இதற்குத் தெளிவான சான்று.

மாஸ் எனப்படும் மலேசியா ஏர்லைன்ஸின் துணை நிறுவனமாக 2007இல் தொடங்கிய ஃபயர்ஃபிளை, ஏடிஆர் 72 ரக விமானங்களை இயக்கியது. 2011 தொடக்கத்தில் போயிங் 737 விமானங்களுடன் சபா, சரவாக்குக்கும் பறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மாஸின் முதன்மைப் பங்குதாரரான கசானா நேஷனலும் ஏர் ஆசியாவின் முதன்மைப் பங்குதாரரான டியூன் ஏரும் அந்நிறுவனங்களின் பங்குகளை மாற்றிக்கொண்டதும் திட்டம் தலைகீழானது. ஆண்டு முடிவதற்குள் ஜெட் சேவை நின்றது. பங்கு மாற்றம் 2012 மே மாதமே ரத்தானது. ஜெட் சேவையோ 2022இல்தான் திரும்பியது.

விமானத்தை ஒரு கையெழுத்தில் மாற்றிவிடலாம்; விமானியை அப்படி மாற்ற முடியாது. ஏடிஆர் ஓட்டுபவர் 737க்குச் செல்ல, அந்த ரகத்துக்கான பாடம், சிமுலேட்டர் பயிற்சி, தேர்வு ஆகியவற்றை முடித்து, பயிற்றுநர் பக்கத்தில் அமர்ந்திருக்கப் பயணிகளுடன் பறந்து தேற வேண்டும். பல மாதம் பிடிக்கும். அதுவரை பழைய ரகத்தில் அவர் இடம் காலி. பயிற்றுநர்களும் அனுபவமிக்க கேப்டன்களே என்பதால், ஆள் பற்றாக்குறை மேலும் கூடுகிறது. நிர்வாகங்கள் பெரும்பாலும் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான்.

ஃபயர்ஃபிளையின் தாய் நிறுவனமான மாஸும் மாற்றங்களைச் சந்தித்தது. 2015 சீரமைப்பில் அது சுமார் 20,000 ஊழியர்களில் 6,000 பேரைக் குறைத்தது. அதன் தலைமை நிர்வாக அதிகாரி பீட்டர் பெல்லூ 2017இல் விலகி ஐரிஷ் விமான நிறுவனமான ரயன்ஏருக்குத் திரும்பினார். விமானிகளின் விடுப்புப் பட்டியல் குளறுபடியால் ரயன்ஏர் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்திருந்த நேரம் அது. பெல்லூவுக்குப் பின் மாஸில் பொறுப்பேற்ற இஸாம் இஸ்மாயில், பயிற்சி விமானியாகச் சேர்ந்து உயர்ந்தவர்.

சபா, சரவாக் கிராமப்புற விமானச் சேவையின் கதை இன்னும் நீளமானது. 2006 ஆகஸ்டில் மாஸிடமிருந்து ஃபிளை ஏசியன் எக்ஸ்பிரஸுக்கும், 14 மாதம் கழித்து மாஸ்விங்ஸுக்கும் அது கைமாறியது. 2025 பிப்ரவரியில் மாஸ்விங்ஸை வாங்க சரவாக் அரசு ஒப்பந்தமிட்டது. இச்சேவை செல்லும் பாரியோ போன்ற மலையூர்களின் குறுகிய ஓடுபாதையில் டுவின் ஓட்டர் எனும் சிறு விமானத்தை இறக்கத் தெரிந்தவர்கள் சிலரே. அவர்களின் பணிமூப்பு புதிய நிறுவனத்தில் தொடர்வது சம்பளத்தோடு நிற்கும் விஷயமல்ல; யார் கேப்டன் ஆவது, யார் எந்தத் தளத்தில் இருப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. அது அறுபட்டால் அனுபவசாலிகளே முதலில் வேறிடம் தேடுவார்கள்.