போல்ட் போட்டுச் சேர்த்த கார்: ஹெரால்டை வீட்டிலேயே கழற்றி மாட்ட முடிவது ஏன்?

பழைய காரை வீட்டு ஷெட்டில் வைத்துச் சரிபண்ணும் வீடியோக்கள் நிறைய பார்த்திருப்பீங்க. அதில் சில கார்கள் மட்டும் பொம்மை மாதிரி பாகம் பாகமாகக் கழன்று வரும். பானெட் தனி, பின்பக்க பாடி தனி, மேற்கூரை கூட தனி. இன்னைக்கு அப்படி ஒரு காரோட கதை. நம்ம மெட்ராஸ் கார், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் சுமார் பத்து வருஷம் இந்தக் கார் தயாரானது. ஆனா கதை தொடங்குறது இங்கிலாந்தில்.

1950-களில் அங்கே கார் கட்டும் முறை மாறிக்கொண்டிருந்தது. அதுவரை கீழே கனமான இரும்புச் சட்டம், அதாவது சேசிஸ். அதன் மேல் பாடி. புது முறையில் சேசிஸே கிடையாது. பாடி முழுக்க ஒரே கூடாக வெல்ட் செய்யப்படும், எடையைத் தாங்குறதும் அந்தக் கூடுதான். இதுக்குப் பேர் மோனோகாக். ஸ்டாண்டர்ட் கம்பெனியும் 1953-ல் வந்த தன் சின்ன காரை இந்த முறையில்தான் செய்தது. பாடி செய்து கொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனி.

அதே 1953-ல் போட்டியாளரான பிஎம்சி, ஃபிஷர் அண்ட் லட்லோவை வாங்கிவிட்டது. அடுத்த காருக்கு ஸ்டாண்டர்டுக்கு பாடி கிடைக்காத நிலைமை. முழுக் கூட்டையும் வேற யார்கிட்டயும் செய்ய வைக்க வழியில்லை. அதனால் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் தலைமையிலான குழு பழைய வழிக்கே திரும்பியது. தனி சேசிஸ், பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து, கடைசியில் போல்ட் போட்டு இணைப்பது. வடிவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிகெலோட்டி. 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்ட் வெளியானது.

அந்தக் காலத்தில் இது ஒரு படி பின்வாங்கல் மாதிரி தெரிந்தது. இணைப்புகள் வழியா மழைத்தண்ணி உள்ளே வரும், கதவு சரியா பொருந்தாது என்று ஆரம்ப கார்கள் மேல் புகார்களும் வந்தன. ஆனா அறுபது வருஷம் கழிச்சுப் பாருங்க. மோனோகாக் காரில் அடிப்பகுதி துருப்பிடித்தால் வண்டியோட எலும்பே போன மாதிரி. ஹெரால்டில் கதவுக்குக் கீழே இருக்கும் சில் பாகம் கூட போல்டில்தான் நிற்குது. கழற்றலாம், மாற்றலாம். கம்பெனிகளுக்கு நடுவே நடந்த ஒரு வியாபாரம், வீட்டில் ஸ்பேனர் பிடிக்கிறவங்களுக்கு லாபமா முடிஞ்சது.

அதுக்காக எல்லாத்தையும் ஒரே நாளில் பிரிச்சுடாதீங்க. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே பேடுகளும் மெல்லிய தகடுகளும் இருக்கும். எந்த இடத்தில் எத்தனை இருந்தது என்று குறிக்காமல் எடுத்தால், மறுபடி கதவு மூடவே மூடாது. கழற்றும் முன்பே கதவு இடைவெளிகளை அளந்து, போட்டோ எடுத்து வைங்க. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகள்தான் அதிகம் துருப்பிடிக்கும். பெயிண்ட் பளபளப்பைப் பார்க்கும் முன் அதைத் தட்டிப் பாருங்க.

அடுத்தது சஸ்பென்ஷன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் துண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது டிரனியன் என்ற வெண்கலப் பாகத்துக்குள் திருகியிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் நட்டுக்குள் போல்ட் சுழல்ற மாதிரி அது சுழலும். கம்பெனி சொன்னது, இதுக்குக் கெட்டியான கியர் ஆயில் விடணும். கிரீஸ் மட்டும் அடிச்சு விட்டா மரை முழுக்க அது போய்ச் சேராது. தண்ணி புகுந்து துருப்பிடித்து, ஒருநாள் இரும்பு முறிந்து சக்கரமே சாய்ந்துவிடும். வீட்டில் ரிப்பேர் செய்றவங்க முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஆயில் விடுவது பத்து நிமிஷ வேலை.

இன்னொரு எச்சரிக்கை. முன்பக்கச் சுருள் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும். அதை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி இல்லாமல் நட்டைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு போடுங்க.

பின்பக்கம் வேற கதை. குறுக்காக ஒரு லீஃப் ஸ்பிரிங். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்கும். ஸ்விங் ஆக்சில் என்பார்கள். சொகுசு உண்டு. ஆனா வேகமா வளைவில் திரும்பும்போது சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கலாம். இதே வகை அமைப்பு கொண்ட அமெரிக்கக் கார் கார்வேரைத்தான் 1965-ல் ரால்ஃப் நேடர் தன் புத்தகத்தில் கடுமையாக விமர்சித்தார். இந்தியாவில் ஹெரால்டுக்கு அடுத்து 1972-ல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் ஸ்விங் ஆக்சிலை எடுத்துவிட்டு, எளிமையான ஒரே தண்டு ஆக்சிலைப் போட்டார்கள்.

உடனே, "என் ஹெரால்டுக்கும் அதையே போட்டுக்கலாமே" என்று தோணும். யோசிச்சுச் செய்யுங்க. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டி, அசல் வடிவத்தில் இருக்கும் வண்டிக்குத்தான் வின்டேஜ் பதிவு. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். வயசு கணக்கில் எல்லா ஹெரால்டும் தகுதி பெற்றாச்சு. சேசிஸை வெட்டி ஒட்டினால் அந்தத் தகுதியே கேள்விக்குள்ளாகும்.

கடைசியா, நம்ம ஊருக்கே உரிய ஒரு விஷயம். பிரிட்டனில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். அம்பாசடரும் ஃபியட்டும் நாலு கதவோடு ஓடிய சந்தையில் அது போதவில்லை. அதனால் 1968-ல் இந்தியாவுக்கென்றே நாலு கதவு மார்க் 3 வந்தது. இதோட முன் சஸ்பென்ஷன் பாகங்கள் பிரிட்டனில் இன்னும் புதுசா செய்து விற்கிறாங்க, ஏன்னா அங்கேயும் ஹெரால்ட் ரசிகர்கள் நிறைய. ஆனா அந்தப் பின்கதவு? அது மெட்ராஸில் மட்டும் செய்தது. செய்த தொழிற்சாலை 1988-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

அதனால் அடிப்பக்கம் அரித்துப்போன மார்க் 3 கதவை எங்கேயாவது பார்த்தால், பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க. நல்ல டிங்கரிங் மாஸ்டர் ஒருத்தர் அரித்த பகுதியை மட்டும் வெட்டி, புதுத் தகட்டைச் சுத்தியலால் தட்டி வளைத்து, வெல்ட் வைத்துவிடுவார். பட்டி பூசி மறைக்கச் சொல்லாதீங்க. அடியில் துரு நிக்காது. அந்தக் கைவேலை தெரிந்தவர்களும் குறைஞ்சுட்டே வர்றாங்க. வாய்ப்பு கிடைச்சா பக்கத்தில் நின்னு கத்துக்கோங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.