நியாயத்தொடை

இரண்டு எடுகூற்றுகளிலிருந்து ஒரு முடிவைப் பெறும் அனுமான வடிவம் நியாயத்தொடை. இதை முறைப்படுத்தியவர் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322). மனிதரெல்லாம் இறப்பவர், சாக்ரட்டீஸ் மனிதர், ஆகவே அவர் இறப்பவர் என்று பாடப்புத்தகம்தோறும் வரும் எடுத்துக்காட்டு அரிஸ்டாட்டிலின் நூலில் கிடையாது. அவர் பெரும்பாலும் பதங்களுக்குப் பதில் எழுத்துகளையே வைத்தார். எதைப் பற்றிய பேச்சானாலும், வடிவம் சரியாக இருந்து எடுகூற்றுகளும் மெய்யானால், முடிவு பிசகாது என்பதே அதன் உட்பொருள்.

எடுகூற்றுகளை இணைப்பது நடுப்பதம்; முடிவில் அது வராது. 'பசுக்களெல்லாம் விலங்குகள், ஆடுகளெல்லாம் விலங்குகள், ஆகவே ஆடுகளெல்லாம் பசுக்கள்' என்பது தவறுவது அந்த இணைப்பு அமையாததால்தான். விலங்கு என்ற நடுப்பதத்தின் முழு வகுப்பையும் பற்றி இரண்டு கூற்றுமே எதுவும் சொல்லவில்லை.

13ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஆசிரியர்கள் வடிவங்களுக்கு மனப்பாடப் பெயர்கள் சூட்டினர். பெயரிலுள்ள உயிரொலிகள் கூற்றுகளின் வகையை வரிசையாகக் காட்டும்: 'அ' நிறை உடன்பாடு, 'எ' நிறை எதிர்மறை, 'இ' குறை உடன்பாடு, 'ஒ' குறை எதிர்மறை. 'பார்பரா'வில் இரு எடுகூற்றுகள், முடிவு ஆகிய மூன்றும் நிறை உடன்பாடு. 'செசாரே' இன்னும் நுட்பமானது: முதலெழுத்து அதை 'செலாரெந்து' வடிவத்துக்கு மாற்றச் சொல்கிறது, நடுவிலுள்ள 'ச' முதல் எடுகூற்றின் பதங்களை இடம் மாற்றச் சொல்கிறது. பெயரை ஒப்பித்த மாணவனுக்கு நிறுவலும் கையில் இருந்தது.

அரிஸ்டாட்டிலுக்குப் பின் அளவையியல் ஓரடியும் முன்னேறவில்லை, முன்னேறத் தேவையும் இல்லை என்பதுபோல 1787இல் எழுதினார் ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட். அவசரத் தீர்ப்புதான். 1847இல் கணிதவியலாளர்கள் பூல், டி மார்கன் இருவரின் அளவையியல் நூல்களும் வெளிவந்தன. மனிதன் விலங்கு என்றால் மனிதனின் தலை விலங்கின் தலை. குழந்தைக்கும் புரியும் இதை நியாயத்தொடையால் நிறுவ முடியாது என்ற குறையை டி மார்கன் எடுத்துக்காட்டினார். அதற்கு வழி செய்தது 1879இல் வந்த, ஜெர்மன் கணிதவியலாளர் ஃப்ரெகேயின் குறியீட்டு முறை.

'எல்லா' என்ற சொல்லிலும் சிக்கல் இருந்தது. கொம்புக்குதிரைகளெல்லாம் குதிரைகள்; கொம்புக்குதிரைகளெல்லாம் கொம்புள்ளவை; ஆகவே சில குதிரைகள் கொம்புள்ளவை. 'தராப்தி' என்ற இந்த வடிவத்தை மரபு ஏற்றது. பேசப்படும் பொருள் உலகில் உண்டு என்று அது எடுத்துக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கையைக் கைவிட்ட கணித அளவையியலில் பழைய 19 வடிவங்களில் 15 மட்டுமே தேறின.

இந்திய மரபில் இந்தச் சிக்கல் அவ்வளவாகத் தலைகாட்டவில்லை. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என மணிமேகலையின் 29ஆம் காதை அடுக்கும் ஐந்து அனுமான உறுப்புகளில் திட்டாந்தமும் (எடுத்துக்காட்டு) ஒன்று. மலையில் புகை கண்டு நெருப்பைச் சொல்பவர், இரண்டும் சேர்ந்திருக்கும் அடுக்களையைக் காட்டியாக வேண்டும்.